அப்பாவுக்குத் தெரியாமல் கீமோதெரபியைத் தொடங்கலாமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். அப்பாவுக்கு 63 வயது. எங்கள் அரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை அவரேதான் பார்த்துக்கொண்டிருந்தார். உடல் மெலிந்து, மலத்தில் ரத்தமும் போனதால் கோவைக்கு அழைத்துச் சென்றோம். பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, நான்காம் நிலை என்றார்கள். அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்குகிறது. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தை ஊசி வழியாக ஏற்றிவிட்டு, வீட்டில் 14 நாட்கள் கேபசிட்டபின் மாத்திரை கொடுக்க வேண்டுமாம். 21 நாட்களுக்கு ஒரு சுற்று. அப்பாவிடம் குடலில் புண் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் மனம் உடைந்துபோவார் என்று அண்ணன் அஞ்சுகிறார். எனக்கோ அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசவே முடியவில்லை. அவரிடம் சொல்லலாமா? இந்தக் குளிரில் கீமோதெரபியை அவர் உடம்பு தாங்குமா?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், முதல் சுற்றுக்கு முன்பே சொல்லுங்கள். அவர் உடம்பு இந்த மருந்தைத் தாங்குவதில் பெரும்பங்கு, தம் உடம்பில் நடப்பதை அவர் உடனுக்குடன் உங்களிடம் சொல்வதைப் பொறுத்திருக்கிறது. குடல் புண்ணுக்குத்தான் மருந்து என்று நம்பியிருப்பவர், நள்ளிரவில் உடம்பு சுட்டால், பிள்ளைகளை எழுப்புவானேன் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்.

அந்தக் காய்ச்சல்தான் எனக்கு முதல் கவலை. கீமோதெரபி மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்துவிடக்கூடும்; அப்போது மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு தொற்று, சில மணி நேரங்களில் உயிருக்கே ஆபத்தாக மாறலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் விதி. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் உங்களால் கோவைக்கு இறங்க முடியாது. இரவில் கரடியும் காட்டுமாடும் நடமாடும் வழியில் நடந்துபோய் வண்டி தேடவும் முடியாது. ஆகவே கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு முன்கூட்டியே சென்று, இன்ன மருந்து ஏற்றுகிறோம் என்ற விவரச் சீட்டைக் காட்டிப் பேசி வையுங்கள். அழைத்தால் எந்த நேரமும் வரக்கூடிய ஒரு வண்டிக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

குளிரைப் பற்றிச் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். சமவெளியில் இருப்பவர்களைவிட உங்களுக்கு இது முக்கியம். ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளைக் குளிருக்குக் கூச வைக்கும் மருந்து. மருந்து ஏற்றிய அன்றே தொடங்கிச் சில நாட்களுக்கு, குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும். எவர்சில்வர் டம்ளரைத் தொட்டாலும் மரத்துப்போகும். குளிர்ந்த காற்றை இழுத்தாலோ தண்ணீரைச் சூடாக்காமல் குடித்தாலோ தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடும் போல ஓர் உணர்வு வரலாம். பெரும்பாலும் அது நரம்பின் கூச்சம்தான், வெதுவெதுப்பான இடத்தில் இருந்தால் அடங்கிவிடும். ஆனால் முன்கூட்டித் தெரியாதவருக்கு அதைவிடப் பயங்கரமான அனுபவம் வேறில்லை. எனவே முதல் சுற்றுக்குப் போகும்போதே மஃப்ளரும் கம்பளிக் கையுறையும் காலுறையும் பையில் இருக்கட்டும்; மலை ஏறும்போது வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். முகம் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் வெந்நீரே கொடுங்கள். உண்மையிலேயே மூச்சு வாங்கினாலோ, முகமும் உதடும் வீங்கினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது தாமதிக்கக் கூடாது. அடுத்த சுற்றுக்கான நாள் வந்தும் மரத்துப்போவது குறையவில்லை என்றால் அதையும் அவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மறைத்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடக்கூடும்.

மாத்திரையைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வலித்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இந்த இரு மருந்துகளால் தலைமுடி முழுவதும் கொட்டுவது அரிது. பெரும்பாலும் சற்று மெலியும், அவ்வளவுதான்.

உங்கள் அண்ணனின் அச்சம் அன்பினால் வருவது. ஆனால் அதை மறுக்க ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, தொடக்கத்திலிருந்தே வலி நிவாரண மருத்துவர்களையும் சந்தித்து நோயைப் பற்றிப் பேசி வந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் சராசரியாக இரண்டரை மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழவும் செய்தார்கள். அது வேறு உறுப்பின் நோய்தான் என்றாலும், உண்மை தெரிந்தால் ஆயுள் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு அதில் இடமில்லை.

எப்படிச் சொல்வது என்றால், எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். ஊர் பேச்சு இல்லாத ஒரு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், அப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் அனுபவத்தில், பாதிப் பேர் தாமே அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்; பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர்களும் இத்தனை நாள் மறைத்திருப்பார்கள். "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள். காய்ச்சலும் குளிரும் பற்றி மட்டும் சொல்லுங்கள். எத்தனை காலம் என்று கேட்டால் நாளோ மாதமோ சொல்லாதீர்கள். இந்த நோய் முற்றிலும் நீங்குவது அரிது, மருந்தால் அதைக் கட்டுப்படுத்தி வைக்கலாம், கல்லீரலில் உள்ள கட்டிகள் சுருங்கினால் சிலருக்கு அறுவை சிகிச்சைக்கும் வழி பிறக்கிறது, சில சுற்றுகள் முடிந்து ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும் என்று உள்ளபடி சொல்லுங்கள். உங்களுக்கு நா எழாவிட்டால், உங்களை வைத்துக்கொண்டே சொல்லும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

அதன்பிறகு அவர் கேட்கப்போவது பெரும்பாலும் தோட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். போகலாம். மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் வீட்டில் இருக்கட்டும். பிறகு வெயில் ஏறி, செடியில் பனி ஈரம் காய்ந்தபின், கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு வரட்டும். கவாத்துக் கத்தியை மட்டும் இப்போதைக்கு அண்ணனிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.