ஏரி நிரம்பினால் பறவை எட்டிப் போகும்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குழந்தைகளுடன் வீராணம் ஏரிக்குப் போயிருந்தோம். கடல்போலத் தண்ணீர் நின்றது. பறவைகளோ தொலைவில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. எப்போது, எங்கே போனால் அருகில் பார்க்கலாம்? கரையில் நடக்க அனுமதி வாங்க வேண்டுமா? பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

நீங்கள் போன பருவம் சரிதான். நின்ற இடமும் ஏரியின் நீர்மட்டமும்தான் சரியில்லை.

வெளிநாட்டுப் பறவைகள் மார்கழி, தையில் வரும் என்று காலண்டரைப் பார்த்துக் கிளம்புகிறோம். பறவைக்குக் காலண்டர் பாதிதான். மீதி, தண்ணீரின் ஆழம். ஏரி முட்ட நிரம்பியிருந்தால் நீந்தி இரை தேடும் கூழைக்கடா, நீர்க்காகம், வாத்து, நாமக்கோழி ஆகியவற்றுக்குக் கொண்டாட்டம். நடந்து இரை தேடுபவற்றுக்குக் கால் ஊன்ற இடமில்லை. சேற்றோரம் மேயும் சிறு பறவையான உள்ளானுக்கு விரல் உயரத் தண்ணீரும் சேறும் வேண்டும். நாரைக்கு அதன் காலளவுத் தண்ணீர் போதும். எனவே ஏரி வற்றத் தொடங்கி ஓரத்தில் சேறு தெரியும் வாரங்கள்தான் உங்களுக்கானவை. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் தை கடைசியிலிருந்து மாசி முடிய. பங்குனி வெயில் ஏறினால் வடக்கிலிருந்து வந்தவை கிளம்பத் தொடங்கிவிடும்.

வீராணத்தின் நீர்மட்டம் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. முழுக் கொள்ளளவு 47.5 அடி என்று படித்திருப்பீர்கள். அது ஏரியின் ஆழம் அன்று, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். யானை மூழ்கும் ஆழம் என்று பலர் நினைக்கும் அந்த ஏரி உண்மையில் பரந்து கிடக்கும் தட்டு. அதனால்தான் மட்டம் ஓர் அடி இறங்கினாலும் ஓரத்தில் நிறைய நிலம் வெளிப்படுகிறது. 47க்கு மேல் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு மூன்று அடி இறங்கியிருந்தால் கிளம்பலாம். மழையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகவும் தண்ணீர் வருகிறது. இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஏரி ஏறக்கூடும். சென்னைக்குக் குடிநீரும் பாசனமும் எடுக்க எடுக்க இறங்கும்.

அடுத்தது நிற்கும் இடம். நம் மாவட்டத்தில் நிலம் கிழக்கே சரிகிறது. ஆகவே வீராணத்தின் பெரிய கரை கிழக்கில் இருக்கிறது; சேத்தியாத்தோப்பு – காட்டுமன்னார்கோயில் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பது அங்கிருந்துதான். கரையை ஒட்டித்தான் ஆழம் அதிகம். ஆழம் குறைந்த உள்வாய் எதிர்ப்பக்கம், மேற்கில். நீங்கள் கரையில் நின்றபோது பறவைகள் மேற்கே மேய்ந்துகொண்டிருந்திருக்கும். கரையிலிருந்து பார்ப்பதானால் காலை 6 மணி முதல் 8.30 வரை பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். மேற்கு ஓரத்துக்குப் போவதானால் மாலை 4 மணிக்கு மேல். இதை மாற்றிச் செய்தால் எந்தப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மேற்கே வயல் வரப்புகள் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். நாற்றோ நெல்லோ நிற்கும் வரப்பில் உரியவரிடம் கேட்டுவிட்டு நடங்கள்.

பைனாகுலர் 8 மடங்கு போதும். அதற்கு மேல் வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

குழந்தைகளுக்கு ஐம்பது பெயர்களை ஒப்பிக்கக் கொடுக்காதீர்கள், ஒரே ஒரு நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள். வளர்ந்த பறவையின் அலகு மூடியிருந்தாலும் நடுவே பாக்கு வெட்டியைப் போல ஓர் இடைவெளி தெரியும். சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டை நொறுக்காமல் உள்ளே இருக்கும் சதையை மட்டும் உருவி விழுங்கும். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் காலடியில் கிடக்கும் வெற்று ஓடுகளின் கணக்கும் புரியும். அருகிலேயே நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புப் பறவை நீந்தினால், அதுதான் நாமக்கோழி. பெயர் வைத்தவருக்குக் குறும்பு அதிகம்.

புதுச்சேரிப் பக்கம் போகிறீர்களென்றால் ஊசுடு ஏரி நகரிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். இங்கே விதி வேறு. ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் பகுதியும் சரணாலயம்தான். ஒரே தண்ணீருக்கு இரண்டு அரசுகளின் வனத்துறைகள். சாலையோரம் நின்று பார்ப்பது வேறு, உள்ளே இறங்குவது வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிட நினைக்கவே வேண்டாம். கூட்டமாக அடைந்திருக்கும் பறவைகள் அதைப் பருந்தென்று நினைத்து ஒரேயடியாக எழுந்துவிடும். புகைப்படத்துக்காகக் கல்லெறிந்து பறக்கவிடுபவர்களும் இதே வகைதான்.

வீராணம் சரணாலயம் அன்று. நீர்வளத் துறையின் ஏரி. கரைச் சாலையில் நின்று பார்க்கச் சீட்டு ஏதும் தேவையில்லை. ஆனால் மதகின் மேடை, ஷட்டர் இயக்கும் இடம் ஆகியவை படமெடுக்கும் இடங்கள் அல்ல. உபரி நீர் வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடப்படும் நாட்களில் ஓடைப்பக்கம் போகவே வேண்டாம்.

தண்ணீரில் இறங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. நீச்சல் தெரிந்த பெரியவர்களுக்கும் இதே பதில். கோடையில் ஏரிகளில் வண்டல் எடுத்த குழிகள் மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிக் கிடக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரத்துக்குள் போய்விடும். திறந்திருக்கும் மதகின் அருகே தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். உபரி நீர் வழிந்தோடும் கலங்கலின் பாசி படிந்த கல்லில் வழுக்கியவர்களை நானே தூக்கிவிட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர் என் மைத்துனர். கால் நனைத்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், திரும்பும் வழியில் கடலூர் சில்வர் பீச்சுக்கு அழைத்துப்போய் அலையோரம், கையைப் பிடித்துக்கொண்டு நனைக்கவிடுங்கள்.