சிறிய நாய்க்கு இதயம் வேகமாகத் துடிப்பது நோயா?

கேள்வி: எங்கள் வீட்டில் 3 கிலோ எடையுள்ள பொமரேனியன் நாயும், சுமார் 350 கிலோ எடையுள்ள கறவை மாடும் உள்ளன. நாயின் துடிப்பை எண்ணினால் நிமிடத்துக்கு 120 வருகிறது. மாட்டுக்கு 65 தான். நாயின் துடிப்பு சீராகவும் இல்லை. அதற்கு இதயக் கோளாறு இருக்குமா?

பதில்: இரண்டு எண்களுமே அந்தந்த விலங்குக்கு இயல்பானவை. மாட்டை அளவுகோலாக வைத்து நாயைப் பார்த்ததால் வந்த கவலை இது.

சுண்டெலி முதல் யானை வரை, பாலூட்டிகளின் இதய எடை பொதுவாக உடல் எடையில் 0.6 விழுக்காட்டை ஒட்டியே அமைகிறது. நாய்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவும் உடல் எடைக்கு ஏற்பவே கூடுகிறது. ஆக்சிஜன் தேவை மட்டும் அப்படிக் கூடுவதில்லை. உயிரியலாளர் மேக்ஸ் கிளைபர் 1932இல் வெளியிட்ட கணக்கின் வழியே பார்த்தால், எடை 100 மடங்கு கூடும்போது மொத்தத் தேவை ஏறத்தாழ 32 மடங்குதான் கூடும். அதாவது, உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் உங்கள் நாய்க்கு மாட்டைப் போல் மூன்று மடங்கு ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது. அதைப் பெருமளவு துடிப்பின் வேகத்தால்தான் இதயம் ஈடுகட்டுகிறது. இது பல இனங்களின் சராசரிப் போக்கு என்பதால், இரு விலங்குகளின் துடிப்பும் கணக்கு மாறாமல் இதே விகிதத்தில் இருக்க வேண்டியதில்லை.

தசையின் கட்டமைப்பிலும் வியப்பான ஓர் ஒற்றுமை உண்டு. பெரிய இதயத்தில் செல்களின் எண்ணிக்கைதான் மிகுதி; ஒவ்வொரு செல்லின் தடிமனும் சுண்டெலிக்கும் மாட்டுக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. வேறுபடுவது உள்ளே இருந்து தசையைச் சுருங்கச் செய்யும் மயோசின் என்ற புரதம். நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும் சுண்டெலியின் கீழறைகளில் விரைந்து சுருங்கும் ஆல்பா வகையும், நாய், மாடு போன்றவற்றில் மெதுவாகச் சுருங்கி ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடும் பீட்டா வகையும் மேலோங்கியிருக்கின்றன.

துடிப்பு சீராக இல்லை என்கிறீர்கள். ஓய்விலிருக்கும் நாய் மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைவதும், விடும்போது தணிவதும் இயல்பு. மூச்சோடு ஒட்டாமல் தாறுமாறாகத் துடித்தால்தான் பரிசோதனை தேவை.

இனி எண்ணும்போது, நாய் அயர்ந்து படுத்திருக்கையில் இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னே விலாவில் விரல்களை வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விளையாடி முடித்த கையோடு எண்ணினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) தேய்வது அதிகம். தொடக்கத்தில் அது துடிப்பின் எண்ணிக்கையில் தெரியாது, மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பில்தான் கேட்கும். ஆகையால் துடிப்பைவிட, உறங்கும்போது மூச்சை எண்ணுவதையே நான் அதிகம் வலியுறுத்துவேன். அது நிமிடத்துக்கு 30ஐத் தாண்டியே நீடித்தாலோ, இருமல் விடாமல் தொடர்ந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மயங்கி விழுந்தாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ அந்த நேரமே கொண்டு செல்லுங்கள்.