வாசகர் கேள்வி–பதில்: குதிரை இழுத்த பீரங்கிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) இரு தரப்பும் பயன்படுத்திய 1857 மாதிரி 12 பவுண்டு 'நெப்போலியன்' பீரங்கியைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

படத்தில் பீரங்கிச் சக்கரம் வெளிப்பக்கம் குழிந்து தெரிகிறதே, பழசாகிக் கோணிவிட்டதா? (திண்டுக்கல் வாசகர்)

இல்லை, செய்யும்போதே அப்படித்தான் செய்தார்கள். சக்கரத்தின் விட்டம் 57 அங்குலம். விளிம்பு வளையமாகச் சேரும் வளைந்த மரத்துண்டுகளான வட்டைகள் 7, ஆரக்கால் 14. வட்டைக்கு இரண்டு ஆரக்கால். சரிவில் வண்டி சாயும்போது தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடம் வெளியே தள்ளப்படும். ஆரக்கால்கள் நேராக நின்றால் குடத்தில் செருகிய அடி முனைகள் ஆட்டம் கண்டு கழன்றுவிடும். குழிவாக இருந்தால், குடம் வெளியே நகர வளையம் விரிந்தாக வேண்டும். வட்டைகளைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டா அதற்கு விடாது. அச்சின் முனையும் சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதனால் பாரம் தாங்கும் அடி ஆரக்கால் செங்குத்தாக நிற்கும்.

பட்டா கட்டுவதில்தான் சூட்சுமம். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிய பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றிச் சுருக்குவார்கள். வட்டைகள் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இறுக்கம் வட்டையோடு நின்றுவிடும், ஆரக்காலுக்குப் போகாது. பட்டா மிகச் சிறிதானால் குழிவு கூடிக் கால்கள் வளையும்.

மரக்குடத்துக்கு வெயில்தான் எமன். மரம் காய்ந்து சுருங்கினால் கால்கள் ஆடும். பிரிட்டிஷ் படையின் 'மதராஸ் மாதிரி' சக்கரத்தில் குடம் உலோகம். ஆப்பு வடிவ ஆரக்கால் அடிகளை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து போல்ட் முடுக்குவார்கள். ஒடிந்த காலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எத்தனை குதிரை, எத்தனை குண்டு? (ஈரோடு வாசகர்)

ஆறு குதிரைகள். ஒரு பெட்டியில் 32 குண்டு. பீரங்கியைக் குதிரைகளோடு இணைக்கும் முன்வண்டியில் ஒரு பெட்டி, வெடிமருந்து ஏற்றிய தனி வண்டியான மருந்து வண்டியிலும் அதன் முன்வண்டியிலுமாக மூன்று; மொத்தம் 128. எல்லா வண்டிக்கும் ஒரே அளவுச் சக்கரம் என்பதால் மருந்து வண்டியின் பின்னால் மாட்டியிருக்கும் உபரிச் சக்கரம் எதற்கும் பொருந்தும்.

சுட்டதும் பின்னோக்கி ஓடும் வண்டியை முளையடித்துக் கட்டியிருக்கலாமே? (நாகர்கோவில் வாசகி)

கட்டினால் அச்சும் மரச்சட்டங்களும் பிளக்கும். உதையின் வேகம் எங்காவது செலவாகியே தீர வேண்டும். குழலின் எடையைக் கூட்டுவது ஒரு வழி: 12 பவுண்டு குண்டுக்கு ஏறத்தாழ 1,200 பவுண்டு வெண்கலம். அப்படியும் வண்டி ஓடும். ஒவ்வொரு முறையும் தள்ளி வந்து மறுபடி குறி பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு குண்டு சுட்டாலே நல்ல குழு. 1897-இல் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கி இதைத் தீர்த்தது. அதில் குழல் மட்டும் பின்னால் வழுக்கும், எண்ணெயும் அழுத்தக் காற்றும் அதை மீண்டும் முன்னால் கொண்டுவரும், வண்டி அசையாது. வேகம் நிமிடத்துக்கு 15 வரை போனது.

ஒருவர் ஏன் கட்டைவிரலால் பற்றவைக்கும் துளையை அடைத்தபடி நிற்கிறார்? (சேலம் வாசகர்)

சுட்டபின் வெடிமருந்துப் பையின் துணித் துணுக்குகள் குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும். ஈரத் துடைப்பான் அவற்றை அணைக்கும். துளை திறந்திருந்தால் துடைப்பான் உள்ளே போய்வரும்போது காற்றும் புகுந்து கனலை ஊதிவிடும். அடுத்த பை உள்ளே போனதும் வெடிக்கும். பையைக் கோலால் உள்ளே தள்ளுபவரின் கை போய்விடும். குழல் கொதிக்கும் என்பதால் விரலுக்குத் தோல் உறை உண்டு.