எச்.சி.ஜி. இறங்கினால் இறங்கட்டும், பிரஷரைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் கர்ப்பம், 28 வாரம். நேற்று பிரஷர் 144/92. இணையத்தில் படித்துவிட்டு நானே ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன். 10-வது வாரத்தில் ஒரு லட்சம் இருந்த எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் இப்போது 20 ஆயிரம்தான். கால் வீங்குகிறது, முகத்தில் கருந்திட்டு. ஹார்மோன் குறைந்ததால்தான் பிரஷர் ஏறியதா? மாமனார் போடும் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே பயப்படுகிறீர்கள்? அந்த ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை. எச்.சி.ஜி. 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். 28-வது வாரத்தில் அந்த டெஸ்ட் காசுக்குக் கேடு. கருந்திட்டு பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் மங்கிவிடும். கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். முகமும் கையும் திடீரென்று வீங்கினால் மட்டும் சொல்லுங்கள்.

ஹார்மோன் கணக்கு நீங்கள் நினைப்பதுபோல் நேர்கோட்டில் போவதில்லை. உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இயல்பான கர்ப்பத்திலேயே பல மடங்கு ஏறும். ஆனாலும் ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடுவதால் நடு மாதங்களில் பிரஷர் சற்றுக் குறையும். பிரீஎக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய், வந்தவர்களுக்கு ஆல்டோஸ்டிரோன் அந்த அளவுக்கு ஏறுவதில்லை, பிரஷர்தான் ஏறுகிறது. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போகும்போது அதிலிருந்து வரும் சில புரதங்கள் தாயின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கின்றன. இதை எச்.சி.ஜி. காட்டிக்கொடுக்காது.

20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தாண்டினால் விட்டுவைக்கக் கூடாது. இன்றே போய் மறுபடி பிரஷர் பாருங்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்), கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். பாராசிட்டமால் போட்டும் விடாத தலைவலி, அதோடு கண் மங்கல் அல்லது கண்முன் பொறி பறப்பது. அது வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். அடுத்து வலிப்பு வரலாம். அதைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரியில்தான் போட முடியும். நடுராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மேல்வயிற்றில் கடும் வலி வந்தாலும், பிரஷர் 160/110-ஐத் தொட்டாலும் இதேதான். 'வாயு' என்று ஓமத்தண்ணீர் குடித்தே நேரத்தை வீணாக்கியவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

அப்புறம், டெல்மிசார்டன் கூடவே கூடாது, பாதியும் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தேவைப்பட்டால் லபெட்டலால், நிஃபெடிபின் போன்ற, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைகளை அவரே எழுதித் தருவார்.