இஸ்தான்புல்லில் இரண்டு நாள்தான் இருக்கிறது. சுல்தானஹ்மத் பகுதியில் முதலில் எதைப் பார்க்கலாம்?

தேவாலயமாகக் கட்டி இப்போது மசூதியாக இருக்கும் ஹாகியா சோஃபியாவின் வரிசையில் போய் நிற்குமுன், அரை மணி நேரத்தைப் பக்கத்துக் குதிரை மைதானத்துக்குக் கொடுங்கள். ரோமப் பேரரசர்கள் காலத்துத் தேரோட்டத் திடல் அது. டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது. துருக்கிய மொழியில் இதற்கு 'ஆட் மெய்தானி' என்றும் பெயர். 'ஆட்' என்றால் குதிரை.

நான் தலைகீழாகச் செய்தவன். டிராமிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய் வரிசையில் நின்றேன். அப்புறம் சோளக்கதிர் ஒன்றைக் கடித்துக்கொண்டே இந்த மைதானத்தின் நடுவே நடந்து நீல மசூதிக்குப் போனேன். ஏதோ பூங்கா என்று நினைப்பு. சாயங்காலம் கால் கடுத்துப்போய் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எதிரே நிற்பது என்னவென்று நிமிர்ந்து பார்த்தேன்.

மூன்றாம் துட்மோஸ் என்ற பாரோ எகிப்தில் செய்வித்த கல்தூண் அது. வயது 3,400 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் சித்திர எழுத்துகள் நேற்று வெட்டியதுபோல இருக்கின்றன. கி.பி. 390இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் இங்கே நிறுத்தினார். பீடத்தின் ஒரு பக்கம் கிரேக்கக் கல்வெட்டு, தூணை நிறுத்த 32 நாள் ஆனது என்கிறது. மறுபக்கம் லத்தீன் கல்வெட்டு, 30 நாள் என்கிறது. அந்த இரண்டு நாள் கூலியை யார் வாங்கினார்களோ!

சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்துக்குள், முறுக்கிய வெண்கலத் தண்டு ஒன்று பச்சை பூத்து நிற்கும். பின்னிக்கொண்ட மூன்று பாம்புகள். கி.மு. 479இல் பாரசீகரை வென்ற கிரேக்க நகரங்கள் டெல்ஃபி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கே கொண்டுவந்துவிட்டார். தலைகள் உடைந்துபோயின. ஒன்றின் மேல்தாடை மட்டும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளம் என்று நமக்குத் தெரிவதுதான் அன்றைய தரை. நாம் நிற்பது அதற்குமேல் ஏறிய மண்.

இங்கே தேரோட்டத்தில் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று ரசிகர்கள் பிரிந்து மோதுவார்கள். 532 ஜனவரியில் இரண்டு கட்சியும் சேர்ந்து பேரரசர் ஜஸ்டினியனுக்கு எதிராகத் திரும்பி, 'நிக்கா' (வெல்) என்று கத்திக்கொண்டு ஊரைக் கொளுத்தின. பழைய தேவாலயமும் எரிந்தது. படை புகுந்து இந்த மைதானத்துக்குள்ளேயே சுமார் 30,000 பேரைக் கொன்றதாக அக்கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எரிந்த இடத்தில் ஜஸ்டினியன் சில வாரங்களிலேயே வேலையைத் தொடங்கி, 537 டிசம்பரில் திறந்ததுதான் இன்றைய ஹாகியா சோஃபியா. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் குவிமாடத்தின் கீழ் நிமிர்ந்து பார்ப்பது வேறு அனுபவம். எனக்கு அது வாய்க்கவில்லை.

2024 முதல் வெளிநாட்டவருக்கு மாடி மட்டும்தான், கட்டணம் 25 யூரோ. விலைதான், ஆனாலும் போங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஹால்ஃப்தான் என்ற வைக்கிங் (அந்தக் கால ஸ்காண்டிநேவியக் கடலோடி) தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான், தேடிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் இங்கும் நீல மசூதியிலும் அனுமதி இல்லை. பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிஞ்சினால் எதிரே உள்ள நிலத்தடி நீர்த்தேக்கம். அதுவும் ஜஸ்டினியன் காலத்துதான், 336 தூண்கள்.

இன்னொன்று: ஷூ பாலிஷ் போடுபவர் உங்கள் முன்னால் பிரஷ்ஷைத் தவறவிட்டுப் போவார். எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் எடுத்துக் கொடுத்தேன். நன்றிக்கடனாக என் ஷூவைத் துடைத்துவிட்டு, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.