24 நாள் ஜிம் பக்கம் போகவில்லை, எல்லாம் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் எடைப்பயிற்சி செய்கிறேன். ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 60 கிலோ, டெட்லிஃப்ட்டில் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) 75 கிலோ வரை வந்திருந்தேன். போன மாதம் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டேன். அப்புறம் இருமல், வேலை நெருக்கடி என்று மொத்தம் 24 நாள் ஜிம்முக்குப் போகவில்லை. திரும்பிப் போன முதல் நாள் பழைய எடையிலேயே ஐந்து செட் (சுற்று) ஸ்குவாட், நான்கு செட் லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) செய்தேன். எப்படியோ முடித்துவிட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து நான்கு நாள் படி இறங்க முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. உடல் எடை 62 கிலோவிலிருந்து 60 ஆகிவிட்டது, கைகள் மெலிந்து தெரிகின்றன. இரண்டு வருட உழைப்பு வீணாகிவிட்டதோ என்று அழுகையே வருகிறது. டிரெயினர் எடைத் தட்டு மாட்டாத வெறும் பாரிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்கிறார். தோழியோ விட்டதைப் பிடிக்க வாரம் ஆறு நாள் போகச் சொல்கிறாள். யார் சொல்வது சரி? கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். வலிக்கு அதுவும் காரணமாக இருக்குமா?

மருத்துவர் பதில்: உங்கள் பயத்துக்கான பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 24 நாள் இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே 60 கிலோவில் ஐந்து செட் முடித்திருக்கிறீர்கள். உழைப்பு வீணாகியிருந்தால் அந்த பாரைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்கவே முடியாது. நன்றாகப் பழகிய ஒருவருக்கு மூன்று வாரம், ஏன் நான்கு வாரம் விட்டாலும் தூக்கும் பலம் பெரிதாகக் குறைவதில்லை. எந்தத் தசையை எந்த நேரத்தில் எவ்வளவு இயக்க வேண்டும் என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொண்ட வித்தை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

அப்படியானால் நான்கு நாள் வலி எதற்கு? தொடர்ந்து பயிற்சி செய்யும்போது தசைக்குப் பலத்தோடு இன்னொன்றும் கிடைக்கிறது: அடியைத் தாங்கும் பாதுகாப்பு. இடைவெளியில் உங்களுக்குத் தளர்ந்திருப்பது அதுதான். எடையை மேலே தூக்கும்போது தசைக்கு ஏற்படும் சேதத்தைவிடக் கீழே இறக்கும்போது ஏற்படும் சேதம் அதிகம். ஸ்குவாட்டில் கீழே போகும்போதும், லஞ்சில் முழங்காலை மடக்கி இறங்கும்போதும் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அந்த இழுவையில் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்யும்போது வரும் வீக்கமும் கூச்சமும்தான் நீங்கள் பட்ட வலி. அது பொதுவாக 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். (லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று ஜிம்களில் இன்னமும் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இரண்டாம் நாள் வலிக்கு அதைக் குறை சொல்ல முடியாது.)

தொடர்ந்து பயிற்சி செய்யும்போது தசை இந்தச் சிதைவுக்குப் பழகிவிடுகிறது, வலியும் குறைகிறது. விட்டால் அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்கிறது. ஆக, உங்கள் உடல் 60 கிலோவைத் தூக்கத் தயாராக இருந்தது. ஆனால் ஒரே நாளில் ஒன்பது செட் கால் பயிற்சியைத் தாங்கத் தயாராக இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் திரும்பி வருகிற பலரும் முதல் வாரத்திலேயே முடங்கிப் போகிறார்கள்.

இதனால்தான் நான் எப்போதும் சொல்வது: திரும்பி வரும்போது எடையைக் குறையுங்கள், ஆனால் அதைவிட முக்கியமாக செட்டைக் குறையுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டே செட், பழைய எடையில் மூன்றில் இரண்டு பங்கு போதும். உங்கள் ஸ்குவாட்டுக்கு 40 கிலோ, டெட்லிஃப்ட்டுக்கு 50 கிலோ. ஒவ்வொரு செட்டையும் "இன்னும் நான்கு ரெப் (நான்கு தடவை) செய்ய முடியும்" என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். லஞ்சை அந்த வாரம் விட்டுவிடுங்கள், அது தசையை நீட்டிச் சோதிக்கிற பயிற்சி. இரண்டாம் வாரம் மூன்று செட், ஸ்குவாட்டில் 50 கிலோ. மூன்றாம் வாரம் 55, உடல் இடம் கொடுத்தால் 60. முதல் வாரம் "இது போதுமா, ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கிறதே" என்று தோன்றும். தோன்றட்டும். லேசான பயிற்சியே அந்தப் பாதுகாப்பைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் அந்த வாரம்.

டிரெயினர் சொன்ன வெறும் பார் வார்ம்-அப்புக்கு நல்லது. ஆனால் வாரக்கணக்கில் அதிலேயே நிற்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. பல வாரம் படுக்கையிலேயே இருந்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வயதானவர்கள் விஷயம் வேறு. நடமாடிக்கொண்டே பயிற்சியை மட்டும் விடுவதும் படுக்கையில் கிடப்பதும் ஒன்றல்ல. படுக்கையில் தசை மளமளவென்று கரையும், வயது கூடக்கூட இன்னும் வேகமாக. அவர்களுக்கு உங்கள் டிரெயினரின் யோசனைதான் சரி.

தோழியின் ஆறு நாள் திட்டம் வேண்டாம். பிடிக்க வேண்டியது அவ்வளவு இல்லை. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் நிலைக்கு நெருக்கமானது. புதிதாகப் பயிற்சி தொடங்கிய இளைஞர்களில் ஒரு குழு 24 வாரம் இடைவிடாமல் பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) செய்தது. இன்னொரு குழு ஆறு வாரம் செய்து, மூன்று வாரம் முழுவதுமாக விட்டு, மறுபடி ஆறு வாரம் என்று போனது. கடைசியில் இரண்டு குழுவினரின் பலமும் தசை அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இடைவெளி விட்டவர்கள் திரும்பி வந்த பிறகு வேகமாக முன்னேறினார்கள். அவர்கள் விட்ட மூன்று வாரமும் உங்கள் 24 நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நீங்களோ அவர்களைவிட நெடுநாள் பழகியவர்.

கை மெலிந்து தெரிவதற்கு வருகிறேன். இதுதான் உங்களை மிகவும் கலங்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். தசைக்குள் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். பயிற்சி இல்லாமல், காய்ச்சலில் சாப்பாடும் குறைந்தால் இந்தச் சேமிப்பு இறங்கும், தசையின் புடைப்பும் இறங்கும். குறைந்த இரண்டு கிலோவில் கணிசமான பங்கு இதுவும், குடலில் உணவு குறைந்ததும், கொஞ்சம் கொழுப்பும்தான். தசை சிறிது போயிருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பயிற்சி செய்தால் தோற்றம் இரண்டு வாரத்திலேயே மாறத் தொடங்கும். புரதம் ஒரு நாளைக்கு, உங்கள் வழக்கமான எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம், சுமார் 100 கிராம் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகாதீர்கள்.

திரும்பிப் போனதும் செட்டுக்கு நடுவில் மூச்சு வாங்குவதைப் பார்த்தும் பலர் பயப்படுகிறார்கள். தசைப் பலத்தைவிட வேகமாகக் குறைவது இதய, நுரையீரல் தெம்புதான். முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தமும் குறைகிறது. கொஞ்சம் அதிகமாக ஓய்வெடுத்துச் செய்யுங்கள், அதுவும் திரும்பிவிடும்.

உங்கள் இடைவெளி காய்ச்சலால் வந்தது என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஃப்ளூயன்ஸா போன்ற வைரஸ் காய்ச்சல்கள் அபூர்வமாக இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். காய்ச்சலோடு ஜிம்முக்குப் போகவே கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும், வேகமாக நடந்து, இரண்டு மாடி ஏறிப் பார்த்து, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால்தான் எடையைத் தொட வேண்டும். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், உழைப்புக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, இதில் எது இருந்தாலும் பயிற்சியை அன்றே நிறுத்தி ஈசிஜி எடுத்துப் பாருங்கள். இதயத் தசை அழற்சி உறுதியானவர்களைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியிலிருந்து விலக்கி வைப்போம். நீங்கள் இப்படி எதையும் எழுதவில்லை, இருந்தாலும் உங்களையே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது சிறுநீரின் நிறம். இடைவெளிக்குப் பிறகு ஒரேயடியாகச் செய்யும்போது, சிலருக்குத் தசை அளவுக்கு மீறிச் சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனாலோ, தசை இறுகி வீங்கினாலோ, வலியைவிடப் பலவீனம் மிஞ்சினாலோ வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளைப் போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை.

கடைசியாக அட்டோர்வாஸ்டாட்டின். இந்த வகை மாத்திரைகளால் சிலருக்குத் தசை வலி வருவது உண்மை. ஆனால் இரண்டு வலிக்கும் வேறுபாடு தெரியும். பயிற்சி வலி உழைத்த தசையில் மட்டும் வரும், மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்கிக்கொண்டே போகும். மாத்திரை வலி பெரும்பாலும் இரண்டு தொடையிலும், தோளிலும், பயிற்சி செய்யாத இடத்திலும் வரும், வாரக்கணக்கில் நீடிக்கும். நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மேலே சொன்னபடி குறைத்துச் செய்தும் வலி தொடர்ந்தால், மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லி கிரியேட்டின் கைனேஸ் (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடினமான பயிற்சிக்குப் பிறகு சில நாளுக்கு அந்த அளவு தானாகவே உயர்ந்து நிற்கும், மாத்திரைமீது வீண் பழி விழும். அதனால் ஒரு வாரம் எடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், எப்போது கடைசியாகப் பயிற்சி செய்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.