பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இறங்கி ரிபெய்ராவ் பிரெட்டோ போக எது வசதி? இறைச்சி சாப்பிடாதவர் அங்கே வெளியில் எப்படிச் சமாளிப்பது?

பேருந்துதான் வசதி. விமானமும் உண்டு. ஆனால் 300 கிலோமீட்டர் சொச்சத்துக்கு நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் லாபமில்லை. குவாருல்யோஸ் விமான நிலையத்திலிருந்து தியேதே பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். மெட்ரோ நீலத் தடமும் அங்கே வருகிறது. அங்கிருந்து ரிபெய்ராவ் பிரெட்டோவுக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது சில தளங்கள் சிபிஎஃப் என்ற பிரேசில் வரி எண்ணைக் கேட்டு முரண்டு பிடிக்கும். அப்போது நிலையக் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்குங்கள். ஏறும்போதும் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வெள்ளி மாலை மட்டும் முன்கூட்டியே எடுப்பது நல்லது.

சாப்பாட்டில் மதியம் கவலையே இல்லை. 'போர் கிலோ' கடைகளில் வேண்டியதை நாமே தட்டில் எடுத்து, எடை போட்டு, அந்த எடைக்குப் பணம் கொடுக்கலாம். எடையைக் குறித்துத் தரும் 'கொமாண்டா' சீட்டைத் தொலைத்தால் கல்லாவில் பெரிய வாக்குவாதமாகும். பதினொன்றரைக்கே போய்விடுங்கள், இரண்டு மணிக்கு மேல் தட்டுகள் காலியாகத் தொடங்கும். நகர மையத்தில் ஞாயிறன்று பல கடைகள் பூட்டியிருக்கும், அன்றைக்கு மால்தான் கதி.

ஏமாறுகிற இடம் பீன்ஸ். பார்க்கச் சைவமாக இருக்கும் ஃபெய்ஜாவ் என்ற பீன்ஸ் குழம்பில் பேக்கன் என்ற பன்றி இறைச்சி கிடக்கும். ஃபரோஃபா என்கிற மரவள்ளி மாவு வறுவலிலும் அப்படித்தான். கறுப்பு பீன்ஸ் ஃபெய்ஜோவாடா என்றால் பன்றியோடு காய்ந்த மாட்டிறைச்சியும் சேரும். புதனும் சனியும் பல கடைகளில் அதுதான் விசேஷம். 'செங் கார்னி' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழியோ, ஹாம் என்ற பன்றித்தொடை இறைச்சியோ வந்து நிற்கலாம். பேக்கன், ஹாம், கோழி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்.

இரவுக்குப் பீட்சா நம்பகமானது, கடைகளும் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும். முசரெலா சீஸ் பீட்சா வாங்குங்கள், 'போர்த்துகேசா' வேண்டாம், அதில் ஹாம் இருக்கும். பாதிக்குப் பாதி கேட்டால் பொதுவாக விலை கூடிய பாதியின் கணக்கில்தான் பில் வரும்.

பெட்ரோ இரண்டாம் நாடக அரங்கின் பக்கத்தில் 1936-இல் தொடங்கிய பிங்குயிம் என்ற பீர் கடை இருக்கிறது. பீர் ஆலையிலிருந்து நேரடிக் குழாய் வருவதாக ஊர்க்கதை. நம்ப வேண்டாம், பீரைக் குடிக்கலாம். பில்லில் சேரும் 10% சேவைத்தொகை கட்டாயமில்லை, ஆனாலும் எல்லோரும் கொடுக்கிறார்கள்.